ஆர்க் மோட் குறிப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றுவது எப்படி?

கேள்வி இது: பல ஆண்டுகளாக ஆர்க் மோட் (ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பானுக்குள் குறிப்பெழுத உதவும் வசதி) கோப்பு ஒன்றில், நட்சத்திரம் போட்ட தலைப்புகளும் உள்தலைப்புகளுமாகக் குறிப்பு எழுதி வருகிறேன். அதில் ஒரு பகுதியை இணையப் பக்கமாக வெளியிட வேண்டும். எக்ஸ்போர்ட் செய்தால் பக்கம் வருகிறது. ஆனால் ஆழத்தில் இருக்கும் தலைப்புகள் எண் போட்ட பட்டியலாகிவிடுகின்றன. கோப்புப் பெயர்களில் அடிக்கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் சிறுத்துக் கீழே இறங்கிவிடுகின்றன. ஒரு பகுதிக்கு நேராகக் கொடுத்த லிங்க் அடுத்த தடவை வேலை செய்வதில்லை. வந்த எச்டிஎம்எல்லை (பிரவுசர் படிக்கும் பக்கக் கோப்பை) கையால் திருத்திக்கொள்ளலாமா, வேறு வழி இருக்கிறதா?

கையால் திருத்த வேண்டாம். இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் குறிப்புக் கோப்புதான் மூலம். எச்டிஎம்எல் அதிலிருந்து விளைவது. விளைந்ததை எந்த நேரத்திலும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்க முடிய வேண்டும். எச்டிஎம்எல்லில் ஒரே ஒரு வரியைக் கையால் மாற்றினாலும் அந்தச் சுதந்திரம் போய்விடும். அடுத்த எக்ஸ்போர்ட் உங்கள் திருத்தத்தை விழுங்கிவிடும். விழுங்கிவிடுமே என்று பயந்து எக்ஸ்போர்ட் செய்வதையே தள்ளிப்போடுவீர்கள். கொஞ்ச நாளில் குறிப்பு ஒன்று சொல்லும், இணையப் பக்கம் இன்னொன்று சொல்லும். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் மூலக் கோப்பிலேயே எழுதிவைக்கக்கூடிய தீர்வு உண்டு.

கட்டளைகளையும் அமைப்புகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஆர்க் மோடை 2003இல் எழுதத் தொடங்கியவர் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர். 2007இல் வந்த ஈமாக்ஸ் 22 முதல் அது ஈமாக்ஸோடு சேர்ந்தே வருகிறது. 2013இல் வந்த 8.0 பதிப்பில் எக்ஸ்போர்ட் செய்யும் பகுதியை நிக்கோலா கோவாசியு அடியோடு புதிதாக எழுதினார். இந்த வரலாறு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். இணையத்தில் தேடும்போது அதற்கு முந்தைய காலத்து வழிகாட்டிகள் நிறைய அகப்படும். அவற்றில் அமைப்புகளின் பெயர்கள் 'ஆர்க்-எக்ஸ்போர்ட்-எச்டிஎம்எல்' என்று தொடங்கும். இப்போது அவை 'ஆர்க்-எச்டிஎம்எல்' என்றுதான் தொடங்குகின்றன. பழைய பெயரை அப்படியே ஒட்டினால் ஈமாக்ஸ் பிழை எதுவும் காட்டாது. வேலை மட்டும் நடக்காது. அமைப்பு மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பலருக்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

எக்ஸ்போர்ட் செய்ய கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-இ தட்டினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் எச் இரண்டு முறை தட்டினால் கோப்புக்குப் பக்கத்திலேயே எச்டிஎம்எல் உருவாகும். எச், ஓ என்று தட்டினால் உருவானது பிரவுசரிலும் திறக்கும். அந்தப் பட்டியல் திறந்திருக்கும்போதே கண்ட்ரோல்-எஸ் தட்டினால், கர்சர் நிற்கும் தலைப்பும் அதன் கீழ் இருப்பதும் மட்டும் போகும். அப்போது அந்தத் தலைப்பே பக்கத்தின் பெயராகிவிடும். பெரிய குறிப்புக் கோப்பிலிருந்து ஒரு கிளையை மட்டும் வெளியிட நினைப்பவருக்கு இதுவே பாதி வேலையை முடித்துத் தரும். அந்தத் தலைப்பின் பிராப்பர்ட்டி பகுதியில் (தலைப்பின் அடியில் அதன் பண்புகளை எழுதும் இடம்) 'எக்ஸ்போர்ட்_ஃபைல்_நேம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்தப் பெயரில் பக்கம் உருவாகும், இல்லாவிட்டால் மூலக் கோப்பின் பெயரிலேயே உருவாகும்.

இனி முதல் தொல்லைக்கு வருவோம். ஆர்க் மோட் மூன்று நிலை வரைக்கும்தான் தலைப்பைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். நான்காவது நட்சத்திரத்திலிருந்து கீழே இருப்பதெல்லாம் பட்டியல் உருப்படி. இது பிழை இல்லை, இயல்பான அமைப்பு. கோப்பின் மேலே '#+ஆப்ஷன்ஸ்:' என்ற வரியில் 'எச்:5' என்று எழுதினால் ஐந்து நிலை வரை தலைப்பாகவே வரும். ஐந்துக்கு மேல் போவதில் பயனில்லை. எச்டிஎம்எல்லில் இருப்பதே ஆறு நிலைத் தலைப்புகள்தான். முதல் நிலையைப் பக்கத்தின் பெயர் எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஒற்றை நட்சத்திரம் இரண்டாம் நிலையில் தொடங்குகிறது. மிச்சம் இருப்பது ஐந்து. அதே வரியில் 'நம்:நில்' போட்டால் தலைப்புகளுக்கு முன்னால் வரும் எண்கள் போய்விடும். 'டிஓசி:2' போட்டால் பொருளடக்கம் இரண்டு நிலையோடு நின்றுவிடும்.

ஆனால் எச்:5 என்று எழுதிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன். ஆழமான தலைப்புகள் ஏன் வந்தன என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். குறிப்பு எழுதும்போது தலைப்பு என்பது மடித்து வைக்க ஒரு கைப்பிடி. ஒரு வாக்கியம் தோன்றினால் அதையே நட்சத்திரம் போட்டு எழுதிவிடுகிறோம். அதன் கீழ் இன்னொரு வாக்கியம். அதன் கீழ் இன்னொன்று. எழுதுகிற நமக்கு அது வசதி, மடித்தும் விரித்தும் நகர்த்தியும் யோசிக்கலாம். படிக்க வருபவருக்கு மடிக்கும் வசதி கிடையாது. முழு வாக்கியங்களெல்லாம் தடித்த எழுத்தில் தலைப்புகளாக ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும், உடல் எழுத்து என்று ஒன்றுமே இருக்காது. எந்த அலங்காரமும் அந்தப் பக்கத்தைக் காப்பாற்றாது.

அதனால் வெளியே போகப்போகும் கிளையை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்பு எது, பத்தி எது, பட்டியல் எது என்று பிரிக்கச் சொல்வேன். கீழே எதுவுமே இல்லாமல் தனியாக நிற்கும் கடைசித் தலைப்புகள் பெரும்பாலும் பட்டியல் உருப்படிகள்தான். அவற்றைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-சி, கழித்தல் குறி தட்டினால் பட்டியலாகும். கண்ட்ரோல்-சி, நட்சத்திரம் தட்டினால் திரும்பத் தலைப்பாகும். அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று வாக்கியத் தலைப்புகள் ஒரே எண்ணத்தின் துண்டுகளாக இருந்தால், நட்சத்திரங்களை எடுத்துவிட்டு ஒரு பத்தியாக எழுதிவிடுங்கள். இதைச் செய்து முடித்தால் பெரும்பாலான பக்கங்கள் மூன்று நிலைக்குள் அடங்கிவிடும், எச்:5 தேவையே படாது. அப்போதுதான் அந்த இயல்பான எல்லை மூன்றாக இருப்பது சரி என்று எனக்கும் படுகிறது.

இரண்டாவது தொல்லை சின்னது. ஆர்க் மோடில் அடிக்கோடு என்றால் கீழ்க்குறி, கூரைக் குறி என்றால் மேற்குறி. கணிதம் எழுதுபவருக்கு வசதி, கோப்புப் பெயர் எழுதுபவருக்கு இடைஞ்சல். ஆப்ஷன்ஸ் வரியில் '^:{}' என்று எழுதினால், நெளிவு அடைப்புக்குள் வைத்ததை மட்டும்தான் மேல் கீழ்க் குறியாக எடுத்துக்கொள்ளும். நான் எல்லாக் கோப்பிலும் இதைப் போட்டுவிடுகிறேன். இதேபோல இரட்டைக் கழித்தல் குறி நீளமான கோடாக மாறிவிடும். கட்டளைகளை உரைக்கு நடுவே எழுதும்போது இது பெரிய ஆபத்து, ஏனென்றால் படிப்பவர் அதை நகலெடுத்து ஒட்டினால் ஓடாது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் '=' அல்லது '~' குறிகளுக்குள் வைத்துவிட்டால் உள்ளே இருப்பதை ஆர்க் மோட் தொடாது.

தமிழில் குறிப்பெழுதுபவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு, வழிகாட்டிகளில் அது அதிகம் வராது. ஒரு சொல்லைத் தடிப்பாக்க *கோப்பு* என்று எழுதுகிறோம். இறுதி நட்சத்திரத்துக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வந்தால்தான் ஆர்க் மோட் அதைத் தடிப்பாக எடுத்துக்கொள்ளும். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டித்தான் வரும்: *கோப்பு*களை, *கோப்பு*க்குள். இப்படி எழுதினால் நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் தெரியும். உருபையும் சேர்த்துக் குறிக்குள் வைப்பது எளிய வழி. உருபு தடிக்கக் கூடாது என்றால், நட்சத்திரத்துக்கும் உருபுக்கும் நடுவே அகலமே இல்லாத ஒரு இடைவெளி எழுத்தைச் செருக வேண்டும். யூனிகோடில் அதன் எண் 200பி. ஈமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ், 8, என்டர் தட்டி அந்த எண்ணைக் கொடுத்தால் வந்துவிடும். ஆர்க் மோடின் கையேடே சொல்லும் வழி இது. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் மூலக் கோப்பில் சேர்வது எனக்குப் பிடிப்பதில்லை, அதனால் உருபோடு சேர்த்தே தடிப்பாக்கிவிடுவேன்.

மூன்றாவது தொல்லைதான் உண்மையில் பெரியது: பகுதிகளின் முகவரி. ஆர்க் மோட் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு அடையாளம் கொடுக்கிறது. 'ஆர்க்' என்று தொடங்கிப் பின்னால் புரியாத எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அது. பொருளடக்கத்திலிருந்து தாவுவதற்கு அந்த அடையாளம் போதும். ஆனால் நீங்களே பெயர் வைக்காத தலைப்புக்கு அது நிலையாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் வேறாகிவிடலாம். யாராவது உங்கள் பக்கத்தின் நான்காவது பகுதிக்கு நேராக லிங்க் கொடுத்திருந்தால், நீங்கள் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி வெளியிட்ட நிமிடமே அது செத்துப்போகும். பிரவுசர் பிழை காட்டாது. பக்கத்தின் தலையில் கொண்டுபோய் நிறுத்திவிடும், அவ்வளவுதான். வந்தவர் எதைத் தேடி வந்தாரோ அது கிடைக்காமல் திரும்பிவிடுவார். உங்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

தீர்வு, தலைப்பின் பிராப்பர்ட்டி பகுதியில் 'கஸ்டம்_ஐடி' என்ற வரியைச் சேர்த்து நீங்களே ஒரு பெயர் வைப்பது. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-எக்ஸ், பி தட்டினால் பிராப்பர்ட்டியின் பெயரையும் மதிப்பையும் கேட்டு அதுவே எழுதிக்கொள்ளும். அதற்கப்புறம் தலைப்பின் வாசகத்தை மாற்றினாலும், தலைப்பை இடம் மாற்றினாலும், முகவரி மாறாது. பெயர் குறுகியதாக, ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். தமிழில் வைத்தால் வேலை செய்யாது என்றில்லை. ஆனால் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது பல இடங்களில் அது சதவீதக் குறியீடாக விரிந்துவிடும். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாகிவிடும்.

எல்லாத் தலைப்புக்கும் பெயர் வைக்க வேண்டுமா? வேண்டாம். முதல் இரண்டு நிலைகளுக்கும், வெளியிலிருந்து யாராவது நேராக வர வாய்ப்புள்ள பகுதிகளுக்கும் வைத்தால் போதும். வைத்த பெயரை மட்டும் அப்புறம் மாற்றாதீர்கள். அது நீங்கள் படிப்பவருக்குக் கொடுத்துவிட்ட ஒன்று. கோப்புப் பெயருக்கும் இதே விதிதான். தேதியையோ, 'புதியது', 'இறுதி' போன்ற சொற்களையோ கோப்புப் பெயரில் வைத்தால் ஒரு நாள் மாற்ற வேண்டியிருக்கும், எல்லா லிங்கும் அன்றோடு முடிந்தது. கோப்புகளை கிட் போன்ற பதிப்பு மேலாண்மையில் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக ஒரு நன்மை: அடையாளங்கள் நிலைத்துவிட்டால், வெளியான எச்டிஎம்எல்லில் எது உண்மையில் மாறியது என்பது தெளிவாகத் தெரியும்.

பெயர் வைத்த பகுதிக்கு உங்கள் குறிப்புகளுக்குள்ளேயே லிங்க் கொடுப்பதும் எளிது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் '#' போட்டுப் பெயரை எழுதினால் அதே கோப்பில் தேடும். இன்னொரு ஆர்க் கோப்புக்குக் கொடுத்த லிங்க், எக்ஸ்போர்ட் ஆகும்போது தானாகவே அந்தக் கோப்பின் எச்டிஎம்எல் பெயருக்கு மாறிக்கொள்ளும். நீங்கள் எச்டிஎம்எல் என்று எழுதவே கூடாது. எழுதினால் ஈமாக்ஸுக்குள் அந்த லிங்க் பயனற்றுப்போகும். உள்லிங்க் ஏதாவது உடைந்திருந்தால் எக்ஸ்போர்ட் பிழை காட்டி நின்றுவிடும். சிலர் எரிச்சலில் 'புரோக்கன்-லிங்க்ஸ்:மார்க்' என்று போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். வேண்டாம், அந்த எரிச்சல் நல்லது. உடைந்த லிங்கை வெளியிடுவதற்கு முன்னால் பிடித்துக்கொடுக்கும் ஒரே காவல் அதுதான்.

படங்களைப் பற்றி ஒரு வரி: லிங்குக்கு விளக்க உரை கொடுக்காமல் கோப்புப் பெயரை மட்டும் வைத்தால் படம் பக்கத்திலேயே தெரியும், விளக்க உரை கொடுத்தால் வெறும் லிங்க்தான் வரும். படத்துக்கு மேல் '#+கேப்ஷன்:' வரி எழுதினால் அது படத்தடி விளக்கமாகும்.

தோற்றம். ஆர்க் மோட் தானாகச் சேர்க்கும் பாணி பக்கத்துக்குள்ளேயே நீளமாக உட்கார்ந்திருக்கும். ஆப்ஷன்ஸ் வரியில் 'எச்டிஎம்எல்-ஸ்டைல்:நில்' என்று அதை நீக்கிவிட்டு, '#+எச்டிஎம்எல்_ஹெட்:' வரியில் உங்கள் சொந்த சிஎஸ்எஸ் கோப்புக்கு (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) லிங்க் கொடுங்கள். சிஎஸ்எஸ் பெரிதாக வேண்டியதில்லை. உரையின் அகலத்துக்கு ஒரு எல்லை, வரிகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி, கைபேசியில் பக்கத்தை விட்டு வெளியே வழியாத அட்டவணை, இவ்வளவு இருந்தால் படிக்க நன்றாக இருக்கும். மேலும் கீழும் எழுத்துகள் நீளும் எழுத்துமுறைகளுக்கு, தமிழ் உட்பட, இயல்பான வரி இடைவெளி நெருக்கமாகத்தான் இருக்கும். எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வைத்துப் பாருங்கள். பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர், உருவான நேரம் எல்லாம் வரும். வேண்டாம் என்றால் 'எச்டிஎம்எல்-போஸ்ட்ஆம்பிள்:நில்'.

மறக்கவே கூடாத இன்னொரு வரி '#+லாங்குவேஜ்: டிஏ'. இதை எழுதாவிட்டால் பக்கம் ஆங்கிலம் என்றே தன்னை அறிவித்துக்கொள்ளும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று முடிவு செய்வது இந்த அறிவிப்பைப் பார்த்துத்தான். ஒரு வரி எழுதினால் ஒருவருக்கு உங்கள் பக்கம் படிக்கக் கிடைக்கும் என்றால், எழுதாமல் விடக் காரணமே இல்லை.

இந்த வரிகளையெல்லாம் ஒவ்வொரு கோப்பிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஒரு தனிக் கோப்பில் மொத்தமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் '#+செட்டப்ஃபைல்:' என்று அந்தக் கோப்பைச் சுட்டினால் போதும். தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒரே இடத்தில் மாற்றலாம்.

குறிப்பில் நிரல் துண்டுகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஆர்க் மோட் நிரல்களை ஓட்டி விடையைப் பக்கத்தில் சேர்க்கக்கூடியது. எக்ஸ்போர்ட் செய்யும்போதும், விடையைக் காட்டச் சொல்லிக் குறித்துவைத்த துண்டுகளை அது ஓட்டும். ஓட்டுவதற்கு முன் உங்களிடம் கேட்கும். அந்தக் கேள்வி தொந்தரவாக இருக்கிறதென்று அணைத்து வைத்திருப்பவர்கள், மற்றவர் தந்த கோப்பை எக்ஸ்போர்ட் செய்யும்போது அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் செய்யக் கூடாது. நிரலுக்கு வண்ணம் வேண்டுமென்றால் எச்டிஎம்எல்லைஸ் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். அது இல்லாவிட்டால் நிரல் ஒரே நிறத்தில் வரும், வேறு கெடுதல் இல்லை.

சரி, ஒரு கோப்பு இல்லை, ஃபோல்டர் நிறையக் கோப்புகள் என்றால்? அதற்கு ஆர்க் மோடிலேயே 'பப்ளிஷ்' என்ற பகுதி இருக்கிறது. ஈமாக்ஸ் அமைப்புக் கோப்பில் மூல ஃபோல்டர் எது, வெளியீட்டு ஃபோல்டர் எது, எந்தச் செயல்பாட்டால் மாற்ற வேண்டும் என்று ஒரு தடவை எழுதிவைக்க வேண்டும். படம், சிஎஸ்எஸ் போன்றவற்றுக்கு இன்னொரு பகுதி எழுதி, அவற்றை மாற்றாமல் அப்படியே நகலெடுக்கச் சொல்ல வேண்டும். 'ஆட்டோ-சைட்மேப்' என்பதை இயக்கினால் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரு பட்டியல் பக்கத்தை அதுவே உருவாக்கித் தரும். அதன் பெயரை 'இண்டெக்ஸ்' என்று வைத்துக்கொண்டால் முகப்புப் பக்கம் தயார். வெளியீட்டு ஃபோல்டரை அப்புறம் ஆர்சிங்க் போன்ற கோப்பு அனுப்பும் கருவி எதை வைத்தும் சர்வருக்கு அனுப்பலாம்.

பப்ளிஷ் செய்யும்போது இரண்டு விஷயம் குழப்பும். முதலாவது, அது மாறிய கோப்புகளை மட்டும்தான் மறுபடி உருவாக்கும். எது எப்போது உருவானது என்ற கணக்கை உங்கள் ஹோம் ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் குறிப்புகளைத் தொடாமல் ஈமாக்ஸ் அமைப்பை மட்டும் மாற்றினால், மாற வேண்டியது எதுவும் இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும். கண்ட்ரோல்-யூ தட்டிவிட்டுக் கட்டளையைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கட்டாயமாக உருவாக்கும். இரண்டாவது இதைவிட முக்கியம்: மூலக் கோப்பை நீங்கள் அழித்தாலும் அதன் எச்டிஎம்எல் வெளியீட்டு ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். பெயர் மாற்றினால் பழைய பெயரிலும் ஒன்று, புதிய பெயரிலும் ஒன்று. அதனால் அவ்வப்போது வெளியீட்டு ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து உருவாக்குங்கள். சர்வரில் கிடக்கும் பழைய பக்கங்களும் அதோடு நீங்கும்படி அனுப்பும் கட்டளையை அமைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல்லைக் கையால் திருத்தாதவர் மட்டும்தான் இதைத் தயங்காமல் செய்ய முடியும்.

ஈமாக்ஸ் பழக்கம் இல்லாதவருக்கு, அல்லது குறிப்பு மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் இருப்பவருக்கு, பான்டாக் போதும். ஜான் மக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006இல் வெளியிட்ட கருவி அது. மார்க்டவுன், ஆர்க், ஓபிஎம்எல் (அடுக்குக் குறிப்புகளுக்கான கோப்பு வடிவம்) எல்லாவற்றையும் படித்து எச்டிஎம்எல் தரும். முழுப் பக்கம் வேண்டுமென்றால் '-எஸ்' என்ற விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் தலைப்பகுதி இல்லாத வெறும் உடல்தான் வரும். பான்டாக் நிரல்களை ஓட்டாது, அது சில நேரம் நிம்மதி. தலைப்புகளின் அடையாளத்தைத் தலைப்பு வாசகத்திலிருந்தே உருவாக்குகிறது. அதனால் முகவரி காரணமில்லாமல் மாறாது. ஆனால் வாசகத்தைத் திருத்தினால் மாறிவிடும். முன்னே சொன்ன கஸ்டம்_ஐடியை ஆர்க் கோப்பில் அதுவும் மதிக்கிறது. ஒற்றை நட்சத்திரத்தை முதல் நிலைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும், பக்கப் பெயரும் முதல் நிலை; ஒரு நிலை கீழே தள்ள 'ஷிஃப்ட்-ஹெடிங்-லெவல்-பை=1' என்ற விருப்பம் இருக்கிறது. ஹியூகோ போன்ற தளக் கருவிகளும் ஆர்க் கோப்பை நேராகப் படிக்கின்றன. தோற்றத்துக்கு ஆயத்த வார்ப்புகள் வேண்டும் என்பவர் அந்தப் பக்கம் போகலாம். ஆனால் ஆர்க் மோடின் எல்லா வசதியும் அங்கே செல்லுபடியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எந்தக் குறியும் போடாமல் டேப் தள்ளித் தள்ளி மட்டுமே எழுதிய குறிப்புகளும் பலரிடம் உண்டு. அவற்றை மார்க்டவுன் என்று சொல்லி பான்டாக்கிடம் கொடுத்தால், டேப்போடு தொடங்கும் வரிகளில் சில நிரல் துண்டுகளாகிவிடும், மற்றவை மேலே உள்ள வரியோடு ஒட்டிக்கொள்ளும். நிலைகள் எல்லாம் போய்விடும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறியும் இடைவெளியும் சேர்த்துவிடுங்கள். தேடி மாற்றும் வசதியில் ஒரே கட்டளையில் ஆகும் வேலை. பின்பு அது ஒழுங்கான உள்ளடுக்குப் பட்டியலாக வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டியது: எது வெளியே போகிறது? பல ஆண்டுக் குறிப்பில் கடவுச்சொல் இருக்கலாம், ஒருவரின் தொலைபேசி எண் இருக்கலாம், யாரையோ பற்றிக் கோபத்தில் எழுதிய ஒரு வரி இருக்கலாம். ஒரு தலைப்புக்கு 'நோஎக்ஸ்போர்ட்' என்று டேக் போட்டால் அதுவும் அதன் கீழ் உள்ளதும் வெளியே போகாது. '#' போட்டு ஒரு இடைவெளி விட்டு எழுதிய வரி கருத்து வரி, அதுவும் போகாது. ஆனால் செய்யவேண்டியது, முடிந்தது போன்ற நிலைச் சொற்களும், தலைப்பில் உள்ள டேக்குகளும் இயல்பாகவே வெளியே போகும். 'டூடூ:நில்', 'டேக்ஸ்:நில்' என்று தடுக்க வேண்டும். ஒரு வேலையின் நிலை எப்போது மாறியது என்ற பதிவுகளை ஆர்க் மோட் தலைப்பின் கீழ் சாதாரணப் பட்டியலாக எழுதிவைத்திருந்தால் அவையும் போகும். 'லாக்புக்' என்ற இழுப்பறைக்குள் எழுதும்படி அமைத்திருந்தால்தான் உள்ளேயே இருக்கும்.

தடுக்க வேண்டியதையெல்லாம் தேடித் தேடித் தடுப்பதைவிட, போக வேண்டியதை மட்டும் குறிப்பது பாதுகாப்பு. அதற்கு 'எக்ஸ்போர்ட்' என்ற டேக் இருக்கிறது. கோப்பில் ஏதாவது ஒரு தலைப்பில் அது இருந்துவிட்டால், அந்த டேக் உள்ள கிளைகள் மட்டும்தான் போகும். அவற்றுக்கு மேலே உள்ள தலைப்புகள் பெயரளவில் வரும், அவற்றின் உரை வராது. ஆனால் இதிலும் ஒரு குழி உண்டு. அந்த டேக் கோப்பில் ஒன்றுகூட இல்லாமல் போனால் ஆர்க் மோட் பழையபடி முழுக் கோப்பையும் அனுப்பிவிடும். இனி எதுவும் வெளியிட வேண்டாம் என்று கடைசி டேக்கை எடுத்துவிட்டு, பழக்கத்தில் பப்ளிஷ் கட்டளையைக் கொடுத்தால், வெளியிட வேண்டாம் என்று நினைத்ததோடு சேர்த்து எல்லாமே வெளியே போய்விடும்.

அதனால் உங்கள் நிலையில் நான் செய்வது இதுதான்: பல ஆண்டுக் கோப்பை அப்படியே தனிப்பட்டதாக வைத்துக்கொள்வேன். வெளியிட வேண்டிய கிளைகளை வெட்டி, பொதுக் குறிப்புகளுக்கென்று உள்ள தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுவேன். பப்ளிஷ் அமைப்பில் அந்த ஃபோல்டரை மட்டும்தான் மூலமாகக் கொடுப்பேன். தனிப்பட்ட கோப்பிலிருந்து அங்கே லிங்க் கொடுத்துக்கொள்ளலாம், எதிர்த்திசையில் கூடாது. எதிர்த்திசையில் கொடுத்தால் உங்கள் தனிக் கோப்பின் பெயரும் இருப்பிடமும் இணையப் பக்கத்தில் வெளியாகும், சொடுக்குபவருக்கோ ஒன்றும் கிடைக்காது. சர்வருக்கு அனுப்புவதற்கு முன், வெளியீட்டு ஃபோல்டரில் உங்கள் பயனர் பெயர், ஹோம் ஃபோல்டரின் பாதை, 'பாஸ்வேர்ட்', செய்யவேண்டியதைக் குறிக்க நீங்கள் பயன்படுத்தும் சொல், வெளியே வரக்கூடாத ஆட்களின் பெயர்கள் ஆகியவற்றை கிரெப் என்ற தேடும் கட்டளை கொண்டு ஒரு தடவை தேடுங்கள். ஏதாவது அகப்பட்டால் எச்டிஎம்எல்லில் அதை நீக்காதீர்கள்; மூலக் கோப்புக்குப் போய் நீக்கிவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.